சுற்றுகிறது, பிடிக்கவில்லை

அப்பாவின் வண்டி நோட்டில் ஒரே வாக்கியம் பதினேழு இடங்களில் வருகிறது: 'செல்ஃப் சுற்றுகிறது. பிடிக்கவில்லை.' அதன் கீழே தேதி, இடம், காரணம், செலவு. 1988-இல் பழைய பியட் காரை வாங்கிய வாரத்தில் தொடங்கிய நோட்டு அது. ஒவ்வொரு பதிவும் நான்கு வரிக்கு மிகாது. வண்டி நின்றபோது மழை பெய்ததா, நாங்கள் பின்னிருக்கையில் அழுதோமா, அம்மா என்ன சொன்னாள் என்பதெல்லாம் அதில் இல்லை. மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பழுதுப் பதிவேட்டில் எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்பதை அலுவலகம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அந்த வாக்கியத்தின் கச்சிதத்தை நாங்கள் உணர்ந்துகொள்ள முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. வண்டி கிளம்பவில்லை என்று பொதுவாகச் சொல்வதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. சாவியைத் திருப்பினால் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அது ஒரு நோய். 'டக்' என்று ஒரே ஒரு சத்தத்தோடு நின்றால் அதுவும் அதே குடும்பம்: பேட்டரி, அதன் முனைகளில் பூத்த வெள்ளைப் பொடி, கேபிள், செல்ஃப் மோட்டார். ஆனால் செல்ஃப் நன்றாகச் சுற்றி, எஞ்சினும் அதோடு சேர்ந்து சுழன்று, அப்படியும் உயிர் பிடிக்காமல் இருப்பது வேறு. அந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டால் வண்டியில் பாதியை விசாரணையிலிருந்து விடுவித்துவிடலாம். 'எது கெட்டிருக்குன்னு அப்புறம் பாக்கலாம். எது கெடலைன்னு முதல்ல சொல்லு' என்பார் அப்பா. எங்கள் கணக்கு வீட்டுப்பாடத்துக்கும் இதையே சொல்வார். அங்கே அது அவ்வளவாகப் பலித்ததில்லை.

பாகங்களின் பெயர்களுக்கு நல்ல தமிழ்ச் சொற்களைத் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டோம். பட்டறையில் வழங்குவதையே வைத்துக்கொள்கிறோம். செல்ஃப் என்பதே விசித்திரமான சொல். 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்பதில் பின்பாதியை உதிர்த்துவிட்டு முன்பாதியை மட்டும் நம் மெக்கானிக்குகள் எடுத்துக்கொண்டார்கள். 'செல்ஃப் போயிடுச்சு', 'செல்ஃப் வீக்கா இருக்கு' என்று அவர்கள் சொல்வதை வேதாந்த வகுப்பிலிருந்து நேரே வரும் ஒருவர் கேட்டால் திடுக்கிடக்கூடும்.

அந்த செல்ஃபைக் காருக்குள் கொண்டுவந்தவர் சார்ல்ஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது வந்தது. அதற்குமுன் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு முறியும். இதைவிட எங்களுக்குச் சுவையாகப் பட்ட செய்தி ஒன்று உண்டு. பேட்டரியிலிருந்து காயில் வழியாகப் பொறி உண்டாக்கும் முறையைக் கார்களுக்குச் சீர்செய்து தந்தவரும் அதே கெட்டரிங்தான். செல்ஃபுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னால். ஆக, ஒரு வண்டி சுற்றியும் பிடிக்காமல் நின்றால், பல நேரங்களில் அது அந்த மனிதரின் இரண்டாவது கண்டுபிடிப்பு வேலை செய்து முதலாவது வேலை செய்யாமல் இருக்கும் நிலைதான்.

எங்கள் வண்டி 1985-இல் பதிவான பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லாவில் செய்தது. 1089 சி.சி., நான்கு சிலிண்டர், ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர்க் கம்பி. பத்மினி என்று ராணியின் பெயர் வைத்திருந்தாலும் சேலத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை; அது பியட்தான். மும்பையில் வாடகைக் காராக ஓடிய கடைசி பத்மினிக்கு இருபது ஆண்டுக் கெடு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் அது தெருவை விட்டு நீங்கியபோது நாளிதழ்கள் அஞ்சலி எழுதின. அப்போது எங்கள் வண்டி ஓராண்டுக்கும் மேலாக வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது.

நோட்டில் உள்ள பதினேழில் எங்கள் மூவருக்கும் பொதுவாக நினைவிருப்பது ஒன்றுதான். 1994 மே, ஏற்காடு மலைப்பாதை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினான்காவதில் வண்டி இருமி நின்றது. அப்பா சாவியைத் திருப்பினார், சுற்றியது, பிடிக்கவில்லை. இன்னொரு தரம் திருப்பவில்லை. இறங்கி, பானட்டைத் திறந்து, கையைப் புறங்கையாக வைத்து ஒவ்வொரு பாகத்துக்கும் அருகே கொண்டுபோனார், காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து ஏசி பம்பின்மேல் போர்த்தினார். (ஏசி என்றதும் குளிர்சாதனத்தை நினைக்க வேண்டாம். ஆல்பர்ட் சாம்பியன் என்பவருடைய முதலெழுத்துகளில் அமைந்த பழைய அமெரிக்கக் கம்பெனிப் பெயர் அது. எஞ்சினில் திருகியிருக்கும் பெட்ரோல் பம்புக்கு இந்தியப் பட்டறைகளில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.) ஏற்றத்தில் எஞ்சின் சூடேறிக் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பு ஆவியைத்தான் இழுக்கும், திரவம் கார்புரேட்டருக்குப் போகாது. ஆற வேண்டும், அவ்வளவே. 'இருபது நிமிஷம். யாரும் சாவியத் தொடக்கூடாது' என்று சொல்லிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கீழே தெரிந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்துகள் ஒலியெழுப்பி எங்களைத் திட்டிக்கொண்டு கடந்தன. அம்மா புளிச்சோற்றைப் பிரித்தாள். இருபத்தொன்றாவது நிமிடம் வண்டி பிடித்தது. நோட்டில்: 'ஏற்காடு. வேப்பர் லாக். துண்டு. செலவு இல்லை.'

2022 ஆகஸ்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பாதி. வலது கையும் காலும் தளர்ந்தன; காலில் கொஞ்சம் மீண்டது. பேச்சு போனது. போனது என்பதுகூடச் சரியில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிகிறது. உதடுகள் அசைகின்றன, மூச்சு கூடுகிறது, சொல் வருவதில்லை. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஒற்றை அசையைத் தவிர வேறெதுவும் சொல்ல இயலாதிருந்த ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடது முன்பகுதியில் அழிவு இருந்ததைக் காட்டினார். அந்த இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். அப்பாவிடம் எஞ்சியது ஓர் அசையல்ல. 'அதான்' என்ற ஒரு முழுச்சொல். தண்ணீருக்கும் அதான், கோபத்துக்கும் அதான், அம்மாவின் படத்தைப் பார்த்தாலும் அதான்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் முதல் நாளே ஒன்று சொன்னார். யோசித்துச் சொல்ல வேண்டிய சொற்கள் அடைபட்டாலும், பழக்கத்தில் தானே ஓடும் வரிசைகள் பலருக்கு மிஞ்சும்: எண்கள், கிழமைகள், பாட்டு, வசவு. அவற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். ஆகவே தினமும் காலை பத்து மணிக்குத் திண்ணையில் எண்ணும் பயிற்சி. 'ஒண்ணு' என்று எடுத்துக்கொடுத்தால் அவர் 'ரெண்டு, மூணு' என்று தொடர வேண்டும். சில நாள் பத்துவரை போவார். சில நாள் இரண்டிலேயே கலையும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்ற வாக்கியத்தை அப்பாவின் பேச்சோடு இணைத்துப் பார்க்கும் ஆசை எவருக்கும் எழும். எங்களுக்கும் எழுந்தது. எங்களில் மூத்தவள் அதை ஒரே வார்த்தையில் தடுத்தாள்: அவரைக் குளிப்பாட்டுகிறவள் அவள்.

நாங்கள் என்று எழுதிக்கொண்டே போகிறோம். நேர்மையாகச் சொன்னால், 2025 பொங்கலுக்கு மூவரும் சேலத்தில் கூடியபோது அந்தச் சொல் எங்களுக்குப் பொருந்தவில்லை. மூத்தவள் ஊரோடு இருந்தாள். இரண்டரை ஆண்டுகளாக அப்பாவின் ஒவ்வொரு நாளும் அவளுடைய நாளாக இருந்தது. நடுவிலவன் பெங்களூரிலிருந்து மாதம் தவறாமல் பணம் அனுப்பினான். பணம் அனுப்புவதைப் பற்றி மாதம் தவறாமல் பேசவும் செய்தான். கடைசிக்காரன் சென்னையிலிருந்து நினைத்தபோது வந்து, அப்பாவோடு சேர்ந்து படமெடுத்துக்கொண்டு, அழுதுவிட்டுப் போவான். ஒருவர் செய்வது மற்ற இருவருக்கும் போதாததாகத் தெரிந்தது. தொலைபேசியில் பேசிக்கொள்வது நின்று, செய்திகள் மட்டும் வந்துபோயின: மருந்துப் பட்டியல், ரசீது, கட்டைவிரல்.

சண்டைக்கு உடனடிக் காரணமாக வண்டி அமைந்தது. தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு 2025 மார்ச்சில் கெடு முடிந்தது. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆகியிருந்தது. (இருபது ஆண்டு தாண்டிய கார்களுக்கு அது 10,000 ஆனது அதே 2025-இன் ஆகஸ்டில், அதற்குள் எங்கள் கதை முடிந்துவிட்டது.) கட்டணத்தைவிடப் பெரிய சிக்கல், வண்டியை ஆய்வுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது. நடுவிலவன் உடைப்புக்குப் போட்டுவிடலாம் என்றான். ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு எதற்குப் பதிவு என்ற அவன் கேள்விக்கு எங்களிடம் பதிலில்லை. கடைசிக்காரன் சேகரிப்பாளர்களுக்கு விற்கலாம், நல்ல விலை போகும் என்றான். மூத்தவள், 'தினமும் சாயங்காலம் அந்தக் கொட்டகைப் பக்கமா சேரைத் திருப்பச் சொல்றார். நீங்க ரெண்டு பேரும் இல்லாத நேரத்துல அதையும் நான்தான் திருப்பறேன்' என்றாள். மூன்று யோசனைக்கும் வண்டி முதலில் உயிர்பெற வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனோம். இரும்புக் கடைக்காரர்கூட ஓடும் வண்டிக்கு வேறு விலை சொன்னார்.

அன்று போகி. தெருவில் பழைய பாய்கள் எரிந்த புகை தணிவதற்குள் புது பேட்டரி வாங்கிவந்து மாட்டினோம். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் கணீரென்று எடுத்தது. திண்ணையில் அப்பாவின் தலை நிமிர்ந்தது. சுற்றியது, பிடிக்கவில்லை.

இளைய மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தோம். கையில் ஸ்கேனரோடு வந்தவர் பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றார். 'சார், இதுல இதைச் சொருக இடமே இல்லீங்களே' என்று சிரித்தார். அவருடைய வண்டிகள் நோயைத் தாமே எண்ணாகச் சொல்லிவிடும். பெட்ரோல் பம்பு தொட்டிக்குள்ளேயே இருக்கும். சாவியை ஒரு நிலை திருப்பினால் இரண்டு வினாடி ரீங்கரிக்க வேண்டும், ரீங்காரம் இல்லையென்றால் ஃப்யூஸையோ ரிலேயையோ பார்க்க வேண்டும். சாவிக்குள் இருக்கும் சில்லை வண்டி அடையாளம் கண்டுகொள்ளாவிட்டாலும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. இதெல்லாம் அவர் வேலை செய்துகொண்டே சொன்னது. தன் உலகத்தில் இல்லாத ஒரு வண்டியின் முன் கூச்சமில்லாமல் குனிந்த அந்த இளைஞர்மீது எங்களுக்கு மதிப்பு வந்தது.

பெட்ரோலில்தான் தொடங்கினார். தொட்டியில் கிடந்தது 2022-இன் பெட்ரோல். வடித்தபோது தேநீர் நிறத்தில், வார்னிஷ் வாடையோடு வந்தது. பெட்ரோலில் இப்போது எத்தனாலைக் கலக்கிறார்கள். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரை ஊறவைக்கும். எங்கள் வண்டியின் ரப்பர்க் குழாய் தொட்டால் பிசுபிசுத்தது. குழாயை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளில் உறைந்திருந்த மஞ்சள் பிசினை மருந்தடித்துக் கரைத்து மாட்டினார். பிளக்குகளுக்குப் போகும் நான்கு ஒயர்களையும் எலி கடித்திருந்தது; ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நாரும் ஒரு தேர்வுத்தாளின் துண்டும் வைத்துக் கூடு கட்டியிருந்தது. ஒயர்செட் வாங்க எங்களை அனுப்பினார். நாங்கள் கடைகடையாக ஏறி வாங்கித் திரும்பியபோது அவர் ஊருக்குக் கிளம்பும் நேரமாகிவிட்டது. 'பாயிண்டைத் தேச்சு விட்டு, ஒயரை மாத்தினா எடுத்துரும் சார். பொங்கல் முடிஞ்சு வர்றேன்' என்றார்.

பெரும்பொங்கலன்று மாலை நாங்களே இறங்கினோம். நோட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டோம். அப்பா தன் கைப்படப் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்த முறை மூன்றே கேள்விகளாக இருந்தது: பெட்ரோல் வருகிறதா? கரண்ட் வருகிறதா? இரண்டும் வந்தால் காலத்தில் வருகிறதா?

முதல் கேள்விக்கு விடை பிளக்கிலேயே இருந்தது. கழற்றினால் நனைந்திருந்தது. இரண்டாவதற்காக டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தோம். உள்ளே பாயிண்ட் என்ற சிறிய உலோகக் கதவு இருக்கிறது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் திறந்து திறந்து மூடும். மூடியிருக்கும்போது காயிலில் 12 வோல்ட் மின்சாரம் ஓடும். திறக்கும் கணத்தில் அது அறுபட, காயிலின் காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும். பொறி பிறப்பது மின்சாரம் ஓடும்போது அல்ல, நிற்கும்போது. அந்தக் கதவின் இரு முகங்களும் வெளுத்துப் பூத்திருந்தன. உப்புத்தாளை இரண்டாக மடித்து நடுவே இழுத்துத் தேய்த்து, துணியால் துடைத்தோம். காயில் ஒயரை எஞ்சினுக்கு அருகே பிடித்து ஒருவர் சாவியைத் திருப்ப, நீலமாகப் பாய்ந்தது பொறி. மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என்று கணக்கிடவில்லை.

எலி கடித்த ஒயர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியவற்றை மாட்டினோம். சாவி. சுற்றியது. 'பட்' என்று கார்புரேட்டர் தும்மியது. மறுபடி சுற்றியது. மறுபடி தும்மல். பிடிக்கவில்லை. பேட்டரி தளரும்வரை முயன்றுவிட்டு, அதைக் கழற்றிச் சார்ஜில் போட்டோம். இரவு சாப்பிடும்போது, இரும்புக் கடைக்காரரைக் காணும் பொங்கலுக்கு மறுநாள் வரச்சொல்லலாம் என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. மூத்தவள் பதில் சொல்லாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

மாட்டுப் பொங்கல் காலை. மிச்சமிருந்தது கம்ப்ரஷன். பிளக் துளையில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றினால் காற்று விரலைத் தள்ள வேண்டும். நான்கிலும் தள்ளியது. பெட்ரோல் இருக்கிறது, பொறி இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது. இருந்தும் தும்மல். எல்லாம் இருந்தும் ஒன்றும் நடக்காத இந்த நிலைதான் ஆளைச் சோர்வடையச் செய்வது. ஏதாவது ஒன்று இல்லையென்றால் அதைத் தேடலாம்.

பத்து மணி ஆனதும் மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு திண்ணைக்குப் போனாள். நாங்கள் இருவரும் பானட்டுக்குள் தலையை விட்டபடி இருந்தோம். அவள் குரல் கேட்டது.

'ஒண்ணு.'

'ஒண்ணு' என்றார் அப்பா.

'அடுத்தது?'

'மூணு.'

'இல்லப்பா. ரெண்டு. ஒண்ணு, ரெண்டு.'

'மூணு.' நாற்காலியின் கையை இடது கையால் அடித்தார். 'மூணு. நாலு. ரெண்டு.'

'அப்பா, ரெண்டு சொல்லுங்க. ரெண்டு.'

'அதான்! அதான்!'

அவள் பொறுமையாக மறுபடி தொடங்கினாள். மறுபடி அதே வரிசை. 'இன்னிக்குச் சரியில்லை. இந்தச் சத்தமெல்லாம் கேட்டு டென்ஷன் ஆயிட்டார்' என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள். அதில் குற்றச்சாட்டும் இருந்தது. வேலையை நிறுத்திவிட்டோம். நடுவிலவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல், நோட்டை முதலிலிருந்து புரட்டினான். முன் அட்டையின் உட்பக்கத்தில் சிவப்பு மையில் 1342 என்று பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. முதல் நாளே அதைப் பார்த்திருந்தோம். ஏதோ பெட்டகத்தின் எண், பழைய தொலைபேசி எண்ணின் மிச்சம் என்று ஆளுக்கொன்றாக நினைத்துக் கடந்துவிட்டிருந்தோம்.

விளக்கிச் சொல்ல வேண்டும். நான்கு சிலிண்டர்களும் முன்னிருந்து பின்னாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிற்கின்றன. ஆனால் அந்த வரிசையில் அவை வெடிப்பதில்லை. வெடிக்கவும் முடியாது. கிராங்க் தண்டில் ஒன்றும் நான்கும் சேர்ந்து ஏறி இறங்கும். இரண்டும் மூன்றும் சேர்ந்து ஏறி இறங்கும். எனவே ஒன்றுக்கு அடுத்தது மூன்றாக இருக்கலாம் அல்லது இரண்டாக இருக்கலாம். மூன்றாவதாக வருவது எப்போதும் நான்குதான். 1-3-4-2 அல்லது 1-2-4-3. எங்கள் வண்டிக்கு முந்தையது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சுற்றி ஒயர்களை அந்த வரிசையில் செருக வேண்டும். நாங்களோ பழைய ஒயர்கள் நான்கையும் ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டு, படித்தவர்களுக்கே உரிய ஒழுங்கோடு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வட்டமாகச் செருகியிருந்தோம். முதல் சிலிண்டருக்கு மட்டும் பொறி காலத்தில் போயிற்று. மூன்று வெடிக்க வேண்டிய நேரத்தில் இரண்டுக்குப் போன பொறி, அங்கே வால்வு திறந்து புதுக்காற்று நுழையத் தொடங்கும் வேளையில் தீமூட்டியது; அதுதான் கார்புரேட்டரின் தும்மல். மற்ற இரண்டிலும் பொறி வீணாயிற்று. அப்பாவின் மூன்றாவது கேள்வி: காலத்தில் வருகிறதா?

மூன்று ஒயர்களை இடம் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் உடனே மாற்றவில்லை. மூவரும் திண்ணையைப் பார்த்தபடி நின்றோம். அப்பா முகத்தைக் கொட்டகைப் பக்கமிருந்து திருப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டுச் சரி என்று சாதிக்கும்போது அப்படித்தான் திருப்பிக்கொள்வார்.

சாவியைத் திருப்பியவள் மூத்தவள். இரண்டாவது சுற்றில் பிடித்தது. கொட்டகையெல்லாம் கரும்புகை. ஓட்டின் மேலிருந்து அணில் ஒன்று குதித்து ஓடியது. பக்கத்து வீட்டார் எரிகிறதோ என்று சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். கடைசிக்காரன் வழக்கம்போல அழுதான். இந்தமுறை அவனை யாரும் எதுவும் சொல்லவில்லை. சத்தத்துக்கு நடுவே மூத்தவள்தான் முதலில் கவனித்தாள்: அப்பா இடது கையை நீட்டி, உள்ளங்கையால் எதையோ முன்னே தள்ளுவதுபோலத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார். வண்டியை வெளியே தள்ளச் சொல்கிறார் என்று ஒருவன் நினைத்தான். போதும் நிறுத்து என்கிறார் என்று இன்னொருவன். சோக்கை இழுத்தபடியே விட்டிருந்தோம். அதனால்தான் அத்தனை புகை. அதை உள்ளே தள்ளியதும் சத்தம் இறங்கி நிதானப்பட்டது. அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அதை நோட்டில் எழுத வேண்டும் என்று தோன்றியது. பதினெட்டாவது பதிவு. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் 'ஒயர் மாற்றிச் செருகியது, நாங்கள்' என்று எழுதினோம்.

பயிற்சி தரும் அம்மையாரிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் மகிழ்ந்தார்; ஆனால் நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. எண்கள் இப்படி முன்பின்னாக வருவது இந்த நோயில் சாதாரணம், முன்பும் வேறுவேறு மாதிரி மாற்றிச் சொல்லியிருக்கிறாரே என்று நினைவுபடுத்தினார். மூத்தவளும் அதை ஒப்புக்கொண்டாள். பத்து நாட்களுக்கு முன் ஒன்று, நான்கு, ஏழு என்றிருக்கிறார். அது எந்த வண்டியின் வரிசையும் அல்ல.

இரும்புக் கடைக்காரருக்கு யாரும் தொலைபேசி செய்யவில்லை. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை அலுவலகம் திறந்தது. காலைப் பயிற்சியை அன்று சீக்கிரமாகவே வைத்துக்கொண்டோம். மூத்தவள் 'ஒண்ணு' என்றாள். அப்பா வெகுநேரம் யோசித்து, 'ஒண்ணு. ரெண்டு. நாலு' என்றார். அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

'மூணு, அப்பா' என்றாள்.

'மூணு' என்றார் அவர். பிறகு எழுந்திருக்கக் கை நீட்டினார். ஒருவர் வலப்பக்கமும் ஒருவர் இடப்பக்கமும் பிடித்து முன்னிருக்கையில் உட்காரவைத்தோம். வலது காலை மட்டும் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது.